வருங்கால உபாத்தியாயரும் யந்திர சாதனங்களும்

(நமது சங்கத்தின் ஆண்டு மகாசபைக் கூட்டத்தில், கல்விக் கமிட்டியின் சார்பாகச் செய்யப்பெற்ற பிரசங்கத்தின் வடிவம்)



கல்விக் கமிட்டியார் எமக்கு இட்ட கட்டளை, வகுப்பறையில் யந்திர சாதனங்களைக் கையாளுதல் பற்றி நம்மவர்க்குச் சில சொல்ல வேண்டும் என்பது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று சுண்ணப்பொடி உண்ட எம்மை இதற்குத் தேர்ந்தது ஏன் என்று முதலில் வியந்தோம். பின்னர்க் காரணம் புலப்பட்டது. கமிட்டியின் முன் இப்பொழுது இரண்டு பிரேரணைகள் இருக்கின்றன. ஒன்று, கல்வி நிதியிலிருந்து நமது சங்கத்து நடுநிலைப் பாடசாலைக்கு இன்னும் இரண்டு ஸ்மார்ட் போர்டுகள் வாங்குவது. மற்றொன்று, அத்தொகையைச் சங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்று பி.எட். பயிலும் நம் பிள்ளைகளின் பயிற்சிக்காக ஒதுக்குவது. எமது கட்சி இரண்டாவது என்பதை மறைக்காமல் முதலிலேயே கூறிவிடுகின்றோம். மறைத்து வைத்து இறுதியில் அவிழ்ப்பது கதை சொல்வார்க்கு அழகு. கணக்குக் கேட்கும் சபைக்கு அஃது அடாது.

அயல்நாட்டில் வாழும் நம்மவர் ஒருவர் மூன்றாண்டுகளுக்கு முன் மனமுவந்து அளித்த ஒரு ஸ்மார்ட் போர்டு நம் பாடசாலையின் மாடி அறையில் இருப்பதை யாவரும் அறிவீர்கள். திறப்பு விழாவின் புகைப்படம் நமது மாதப் பத்திரிகையில் வெளிவந்தது. அதன் பின்னர் அப்பலகையின்மேல் ஒரு நீல நிறத் துணி போர்த்தப்பட்டது. அத்துணி விலக்கப்பட்ட நாட்களை எண்ணக் கை விரல்கள் போதும். இது கொடையாளர் குற்றமன்று. ஆசிரியைகளின் சோம்பலும் அன்று. பலகை வந்தது, பலகையோடு பழகும் வழி வரவில்லை. அவ்வளவே.

நிற்க. யந்திர சாதனம் என்றவுடன் ஏதோ நேற்றுத் தோன்றியதென்று எண்ணுகின்றோம். ஓலையும் எழுத்தாணியும் சாதனங்களே; திண்ணைப் பள்ளியில் பரப்பிய மணலும் சாதனமே. அம்மணலைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. அது நம் சென்னப் பட்டணத்திலேயே நடந்தது. ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைச் சாலையின் மேற்பார்வையை ஏற்றார். ஒரு நாள், பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். காகிதமும் மையும் செலவாகாமல், எழுத எழுத அழித்துக்கொள்ளத்தக்க அம்முறை அவர் கருத்தைக் கவர்ந்தது. தம் சாலையின் உதவி உபாத்தியாயரை அழைத்து, அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். அந்த உபாத்தியாயரோ அது நடவாத காரியம் என்று கைவிரித்துவிட்டார். பெல் பாதிரியார் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனைப் பிடித்துத் தாமே பழக்கி, அவனைக்கொண்டு மற்றச் சிறுவர்க்கு மணலில் எழுத்துக் கற்பிக்கச் செய்தார். உபாத்தியாயரால் ஆகாதது சிறுவனால் ஆயிற்று. 1797-இல் பெல் இலண்டனில் இதனை ஒரு நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அஃது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

இவ்வரலாற்றில் நம் பெருமையைக் காண்போர் காண்க. எம் கண்ணில் நிற்பவர் அந்த உதவி உபாத்தியாயர். அவர் மூடர் அல்லர். மணல் கெட்ட மணலும் அன்று. முன்னர் ஒருவரும் அவருக்கு அதனைப் பழக்கிக் காட்டவில்லை, வகுப்பின் நடுவே திடீரென்று கட்டளை வந்தது, "ஆகாது" என்றார். நமது மாடி அறையின் நீலத் துணிக்கும் இதற்கும் வேற்றுமை யாது?

அதன் பின்னர் வந்த சாதனங்களை நிரலாகச் சொல்லப் புகின் பொழுது போதாது. 1913-இல் அமெரிக்கரான எடிசன், இனிப் பள்ளிகளில் புத்தகங்கள் ஒழிந்துபோகும், பத்தாண்டுகளுக்குள் சலனப் படமே யாவையும் கற்பிக்கும் என்று சோதிடம் சொன்னார். பத்தாண்டும் போயிற்று, நூறாண்டும் போயிற்று, புத்தகம் இருக்கின்றது. நம் தேசத்தில் 1975-76-இல் செயற்கைக் கோள் வழியே ஆறு மாகாணங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் சென்றது. 1984-இல் பள்ளிகளுக்குக் கணினி வந்தது. 2004-இல் கல்விக்கென்றே எடுசாட் என்னும் கோள் ஏவப்பட்டது. 2011-இல் தமிழக அரசினர் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கினர். 2017-இல் தீக்ஷா என்னும் தேசியத் தளம் தோன்றியது. 2018-இல் நம் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறிகள் அச்சாயின, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பமாயிற்று. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதுவரை கைப்பேசியைத் தொட அஞ்சிய ஆசிரியைகள்கூட ஒரே வாரத்தில் அதன் முன் அமர்ந்து பாடம் சொல்ல நேர்ந்தது. அந்நாட்களில் அவர்கள் பட்ட பாட்டை நம் வீடுகளிலேயே கண்டோம்.

சாதனத்தை வாங்கி வைத்தாலே கல்வி வளருமா என்பதை ஆராய்ந்தோர் உளர். தென் அமெரிக்காவின் பெரு தேசத்தார் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கிப் பிள்ளைகளுக்கு அளித்தனர். கிராமத்து ஆரம்பப் பள்ளிகள் 319-ஐ எடுத்துக்கொண்டு ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு என்னவெனில், ஏறத்தாழ பதினைந்து மாதம் சென்ற பின்னும் கணக்கிலோ மொழியிலோ அப்பிள்ளைகளின் தேர்ச்சி உயரவில்லை என்பதே. குஜராத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதனினும் கூர்மையானது. லீ லிண்டன் என்பார் 2008-இல் அதனை வெளியிட்டார். கணக்குப் பயிற்றும் கணினி நிரல் ஒன்றை இரண்டு விதமாகப் பயன்படுத்திப் பார்த்தனர். ஆசிரியை பாடம் சொல்லும் நேரத்தை எடுத்து அதற்குக் கொடுத்த இடங்களில் பிள்ளைகளின் கணக்கறிவு முன்னிலும் குன்றியது. பள்ளி நேரத்துக்குப் புறம்பாக, ஆசிரியை சொன்னதற்கு மேலதிகமாக அதனைக் கொடுத்த இடங்களில் பயன் உண்டாயிற்று. நிரல் ஒன்றுதான், அதனை வைத்த இடம் வேறு. எந்த இடத்தில் வைப்பது என்பதை யந்திரம் அறியாது. அறியவேண்டியவர் உபாத்தியாயர்.

யந்திரத்தால் ஒன்றும் ஆகாது என்று யாம் கூறுவதாக யாரும் கொள்ளற்க. டில்லியில் 2015-இல் நடந்து 2019-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கின்றதோ அந்தப் படியிலிருந்து தொடங்கிய ஒரு கணினிப் பாடத்தால் நாலரை மாதத்தில் நல்ல தேர்ச்சி கிட்டியது. ஏழாம் வகுப்பில் அமர்ந்திருந்தும் மூன்றாம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு அவ்விடத்திலிருந்தே கை கொடுத்ததுதான் அதன் சிறப்பு.

இனி, எம் கண்ணெதிரே நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றோம். இப்பிரசங்கத்தின் உயிர் அதுவே. ஆதலின் சற்று விரித்துரைப்பதைப் பொறுத்தருள வேண்டும்.

2014-ஆம் ஆண்டின் விதிகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கி, பள்ளிகளில் பழகும் காலத்தை 20 வாரமாக உயர்த்தி, தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றிய ஒரு பாடத்தையும் சேர்த்தன. நல்ல ஏற்பாடுதான். நமது சங்கத்தின் உபகாரச் சம்பளம் பெறும் பெண்மணி ஒருத்தி அந்தப் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்டாள். (உறவு முறையில் அவள் எம்மைப் பெரியப்பா என்பாள், பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஐயா என்பாள்.) அவள் எடுத்துக்கொண்ட பாடம் சந்திரனின் பிறைகள், வகுப்பு ஆறாம் வகுப்பு. யாமும் கடைசிப் பெஞ்சில் இடம் கேட்டு அமர்ந்தோம்.

முதலில் கேபிள் பொருந்தவில்லை. பின்னர் ஒலி வரவில்லை. பன்னிரண்டு நிமிஷம் கழிந்த பின் வீடியோ ஓடியது. வர்ணமும் வாத்தியமுமாக அழகிய படம். நடுவில் பூமி, சுற்றிலும் சந்திரன், ஓரத்தில் சூரியன். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் தம் படிவத்தில் 'தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டதா?' என்னும் கட்டத்தில் முழு மதிப்பெண் இட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். மணி அடிக்கச் சிறிது நேரம் இருந்தது. அவள் கேட்டாள்: "அஷ்டமியன்று நிலா பாதியாகத் தெரிவது ஏன்?"

வகுப்பு ஒரே குரலில் சொல்லிற்று: "பூமியின் நிழல் விழுவதால், டீச்சர்!"

கேட்டவள் முகம் வாடியது. நிழல் விழுவது கிரகணத்தில்; பிறைக்கும் நிழலுக்கும் சம்பந்தமில்லை. சந்திரனின் ஒரு பாதி எப்பொழுதும் சூரிய ஒளி பெற்றே இருக்கின்றது. அப்பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கின்றது என்பதே பிறை. வீடியோவில் பிழை ஒன்றுமில்லை, சரியாகத்தான் சொல்லிற்று. ஆயினும் பிள்ளைகள் உள்ளே கொண்டுவந்த தப்பெண்ணத்தை அப்படியே வெளியே கொண்டுபோனார்கள்.

அன்று மாலை அவள் எம்மிடம் சொன்ன சொல்லை மறக்கமாட்டோம். "ஐயா, மதிப்பெண் வந்துவிட்டது, பாடம் வரவில்லை."

யாம் ஆறுதல் கூறவில்லை. இருவரும் அமர்ந்து அந்த வீடியோவை நான்கு முறை ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் முறையில் அவளே கண்டுபிடித்தாள். படம் எடுப்பவன் நிற்கும் இடம் எது? பூமிக்கும் சந்திரனுக்கும் மேலே, ஆகாயத்தில். பிள்ளைகள் நிலாவைப் பார்ப்பதோ தங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து. மேலே நின்று பார்த்ததைக் கீழே நின்று பார்ப்பதாக மாற்றிக்கொள்ளும் வேலை இருக்கின்றதே, பாடத்தின் கஷ்டம் முழுவதும் அதில் அடங்கியிருக்கின்றது. அந்த வேலையைப் படம் செய்யவில்லை, ஆசிரியையும் செய்யவில்லை. மேலும், திரையில் அடங்க வேண்டுமே என்று பூமியையும் சந்திரனையும் ஒரு சாண் தூரத்தில் வரைந்திருந்தனர். உண்மையில் பூமியை 10 சென்டிமீட்டர்ப் பந்தாகக் கொண்டால், சந்திரன் ஒரு நெல்லிக்காயளவு; நிற்கும் தூரம் 3 மீட்டர். ஒரு சாணில் வரைந்த படத்தைப் பார்க்கும் எந்தப் பிள்ளைக்கும் 'நிழல் விழாமல் என்ன செய்யும்?' என்றுதான் தோன்றும்.

மறு வாரம் ஆறாம் வகுப்பின் அடுத்த பிரிவுக்கு இதே பாடத்தை எடுக்க அவள் அனுமதி பெற்றாள். அதற்கு முன் நான்கு நாள் மாலையில் நம் பாடசாலையின் மாடி அறையைத் திறந்துவைக்கச் செய்தோம். நீலத் துணி விலகியது. அவள் செய்த ஆயத்தத்தைக் கேளுங்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. மேஜைமேல் மூடியில்லாத ஒரு பல்பு, அது சூரியன். வெள்ளை பூசிய ரப்பர்ப் பந்து ஒரு குச்சியின் முனையில், அது சந்திரன். இது பழைய முறைதான். எம் காலத்தில் சுரைக்காயை வைத்துச் செய்திருக்கின்றோம். ஒரு பிள்ளை நடுவில் நின்று, பந்தைக் கை நீட்டிப் பிடித்து, விளக்கைப் பார்த்தபடி தொடங்கி மெல்ல இடப்பக்கமாகத் திரும்பினால், முதலில் பந்தின் இருண்ட பக்கம், அதாவது அமாவாசை. கால் சுற்றில் வலப்பாதி ஒளி, வளர்பிறை அஷ்டமி. அரைச் சுற்றில் முழு ஒளி, பௌர்ணமி. முக்கால் சுற்றில் இடப்பாதி, தேய்பிறை.

இதில் ஒரு குறை எக்காலத்தும் உண்டு. நடுவில் நிற்கும் ஒரு பிள்ளைக்குத்தான் பிறை தெரியும். மற்றவர் பக்கத்திலிருந்து பார்ப்பதால் அவரவர்க்கு வேறு வேறு வடிவம் தெரியும். பிறையின் வரிசை ஒன்றும் விளங்காது. முப்பத்தெட்டுப் பேரும் முறை வைத்து நிற்க ஒரு பீரியட் போதாது. முப்பத்திரண்டு ஆண்டு எம்மால் தீர்க்க முடியாத இக்குறையை அப்பெண் தன் கைப்பேசியால் தீர்த்தாள். நடுவில் பிள்ளைக்குப் பதிலாக ஒரு சுழல் ஸ்டூல். அதன்மேல் கைப்பேசி, காமிராக் கண் வெளியே பார்த்தபடி. ஒரு சிறுவன் பந்தை ஏந்தி அதனைச் சுற்றி வருகின்றான், மற்றொருத்தி ஸ்டூலைத் திருப்பி வருகின்றாள். காமிரா காண்பது அக்கணமே பெரிய பலகையில் தெரிகின்றது. பூமியில் நிற்பவன் கண்ணை வகுப்பு முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டாள்!

சொல்லும்போது எளிது. முதல் நாள் மாலையில் பந்து பலகையில் வெறும் வெள்ளைப் பிழம்பாகத் தெரிந்தது. அறை இருண்டிருந்தமையால் கைப்பேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டது. ஒளிப்பக்கம் வெளிறிப்போய், பிறையின் ஓரமே காணவில்லை. இரண்டாம் நாள், திரையில் பந்தின் ஒளிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு அப்படியே நிலைத்து நிற்கும் என்பதைக் கண்டாள். மூன்றாம் நாள் மின்சாரம் நின்றது. அதுவும் நன்மையே. பேட்டரி டார்ச்சும் பந்தும் மட்டும் கொண்டு, நாலு நாலு பிள்ளையாகப் பாடத்தை நடத்தும் மாற்று வழியை அன்று எழுதி வைத்துக்கொண்டாள். நான்காம் நாள் அந்த வீடியோவில் தனக்கு வேண்டிய ஒன்றரை நிமிஷத்தை மாத்திரம் குறித்துக்கொண்டு, மற்றதை விட்டாள். எமக்கு அதில் ஒரு சிறு வருத்தம். சங்கீதம் நன்றாக இருந்தது.

பாடம் நடந்த நாளில் யாம் மறுபடி கடைசிப் பெஞ்சில் இருந்தோம். பந்து ஒவ்வோரிடத்துக்கும் வருமுன் நிறுத்தி, "இப்பொழுது பலகையில் எப்படித் தெரியும்? நோட்டில் வரையுங்கள்" என்றாள். வரைந்த பின்னரே பந்து நகர்ந்தது. ஒரு சுற்று முடிந்ததும், பந்தை வேண்டுமென்றே கைப்பேசியின் மட்டத்துக்குத் தாழ்த்தி விளக்குக்கு எதிர்ப்புறம் கொண்டுவரச் செய்தாள். கைப்பேசியின் நிழல் பந்தின்மேல் விழுந்தது. பின் வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "டீச்சர், இதுதான் கிரகணம்! அது வேற!" என்று கூவினான். எழுந்து நின்றதற்காக அவனை அவள் அதட்டவில்லை. பௌர்ணமிதோறும் கிரகணம் வராதது ஏன் என்று அவனையே கேட்டாள். பந்தைச் சற்று உயர்த்திக் காட்டினான். சந்திரனின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதை அவன் கை சொல்லிற்று.

அதன் பின்னரே அந்த ஒன்றரை நிமிஷ வீடியோ, ஒலியை அடக்கி ஓடியது. இம்முறை பிள்ளைகள் அதனை வாசிக்க வல்லவராயிருந்தனர். வீட்டுப் பாடத்துக்கு யந்திரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை: ஏழு நாள் அந்தியில் வானத்தைப் பார்த்து வரைந்து வருவது. தென்னை மறைத்தது, மேகம் மறைத்தது என்று சிலர் வெற்றுத் தாளோடு வந்தனர். சிலர் இன்னும் நிழலை விடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பெரும்பாலோர் விட்டுவிட்டனர்.

அறிஞர் இதற்குப் பெயர் வைத்திருக்கின்றனர். பொருளறிவு வேறு, கற்பிக்கும் அறிவு வேறு, இந்தப் பொருளை இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்னும் அறிவு இவ்விரண்டும் கலந்த மூன்றாவதொன்று என்று 1986-இல் லீ ஷுல்மன் எழுதினார். அதனோடு சாதனத்தை அறியும் அறிவையும் சேர்த்துப் பின்னிக் காட்டினர், 2006-இல் புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்னும் இருவர். தனித்தனியே மூன்றையும் கற்றால் போதாது. ஒன்றில் ஒன்று இழைய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நம் பெண்மணி இதனைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வினாவுக்கு எழுதியிருந்தாள். ஆனால் அது அவளுக்கு விளங்கியது நமது மாடி அறையில், அந்த வெள்ளைப் பிழம்பின் முன்.

இன்னும் இரண்டொன்று சுருங்கச் சொல்வோம். பயிற்சி பெறுவோர் பலர் தமிழில் வினாத்தாள் தட்டச்சிடும்போது, பழைய எழுத்துருக்களில் அடித்து வேறு கணினிக்கு அனுப்ப, அங்கே அது ஆங்கில எழுத்துக் குப்பையாய்த் திறக்கின்றது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியே தமிழ்99 என்னும் விசைப்பலகை நிலைபெற்றது. 2010-இல் தமிழக அரசினர் ஒருங்குறியை ஏற்றனர். இவ்வளவும் ஆன பின், ஒருங்குறியில் தமிழ் அடிக்கத் தெரியாமல் ஒருவர் உபாத்தியாயராவது தகாது. இரண்டு வாரப் பழக்கத்தில் வரக்கூடியது. அடுத்து, 2022 நவம்பரிலிருந்து உலகோர் கைக்கு வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு யந்திரங்கள். கேட்டால் பாடத் திட்டம் முழுவதையும் எழுதித் தருகின்றன. எழுதட்டும். பிறைக்கு நிழல் காரணம் என்று அதில் ஒரு வரி புகுந்திருந்தால் கண்டுபிடிக்க வல்லவர் கையில் அஃது உதவியாள். மற்றவர் கையில் அது ஆபத்து. பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பும் வழக்கத்தையும் பயிற்சிக் காலத்திலேயே விட்டொழிக்க வேண்டும். அப்பெண்ணின் கைப்பேசி பந்தைப் பார்த்தது, பிள்ளைகளைப் பார்க்கவில்லை.

இனிப் பொக்கிஷதார் அவர்கள் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு வருவோம். அவர் எமது நண்பர், ஆட்சேபங்களும் நியாயமானவையே. பலகை வாங்கினால் கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டில் கொடையாளர் பெயர் பொறிக்கலாம். பயிற்சிக்குச் செலவிட்டால் எதைக் காட்டுவது என்பது ஒன்று. பயிற்சி பெற்றவர் நம் பாடசாலையில் இருப்பாரோ, அரசாங்க உத்தியோகம் கிடைத்து வேற்றூருக்குப் போய்விடுவாரோ என்பது மற்றொன்று.

போய்விடத்தான் செய்வார். யாமும் உபகாரச் சம்பளத்தில் படித்து வேற்றூரில்தான் வேலை பார்த்தோம்; யாம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் நம்மவர் பாதிகூட இல்லை. அதனால் சங்கத்துக்கு நஷ்டம் என்று அந்நாளில் பொக்கிஷதாராயிருந்த பெரியவர் கணக்கெழுதியதாகத் தெரியவில்லை. பலகை நம்மைவிட்டுப் போகாது என்பது உண்மை. மூன்றாண்டும் போகாமல்தான் இருந்தது, துணிக்கடியில். யந்திரத்துக்கும் ஆயுள் உண்டு. நான்கு மாலையில் அவள் கற்றது, இந்தப் பலகை பழுதான பின்னும், இன்னொரு பெயரில் இன்னொரு யந்திரம் வந்த பின்னும், அவளோடிருக்கும்.

கல்வெட்டைப் பற்றிச் சொன்னதற்கு எம்மிடம் விடை இல்லை. நான்கு மாலைகளைக் கல்லில் பொறிக்க இயலாது.

ஆகவே, மகாசபையின் முன் யாம் வைக்கும் விண்ணப்பம் இது. புதிய பலகைகளை இவ்வாண்டு வாங்க வேண்டா. இருக்கும் பலகையறையை, சங்கத்து உபகாரச் சம்பளம் பெறுவோர் மட்டுமின்றி இவ்வூரில் பி.எட். பயிலும் எவர்க்கும், வாரத்தில் நான்கு நாள் மாலை 5 மணி முதல் 8 மணி வரை திறந்துவைக்க வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியை ஒருவரை அந்நேரத்துக்கு அமர்த்தி, மரியாதையான ஊதியம் தரவேண்டும். அவர் கணினி நிபுணராயிருக்க வேண்டியதில்லை, "பிள்ளை இதனை எப்படித் தப்பாகப் புரிந்துகொள்ளும்?" என்று கேட்கத் தெரிந்தவராயிருந்தால் போதும். கேபிள், பல்பு, பந்து முதலிய சில்லறைச் சாமான்களுக்குச் சிறு தொகை வேண்டும். சொந்தக் கணினி இல்லாதார்க்கு இரவல் தர இரண்டு மடிக்கணினிகள் வேண்டும். பெண்பிள்ளைகள் இருட்டிய பின் வீடு திரும்ப வண்டிச் செலவும் இதில் அடங்க வேண்டும். இதனைச் சில்லறை என்று தள்ளிவிடாதீர்கள். சென்ற முறை நான்கு மாலையும் அப்பெண்ணின் தகப்பனார் வேலையை விட்டுவிட்டு வாசலில் காத்துக்கொண்டு நின்றார். அந்நான்கு நாள் கூலியை ஒருவரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

ஓட்டெடுப்பு அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நடக்கும். அதற்கு முன், வருகின்ற வளர்பிறை அஷ்டமியன்று மாலை ஆறு மணிக்கு, அப்பெண்மணி அதே பாடத்தைப் பெரியவர்களாகிய நமக்கே மாடி அறையில் நடத்த இசைந்திருக்கின்றாள். பாடம் முடிந்ததும் மொட்டை மாடிக்கு ஏறினால், மேகமில்லாவிட்டால், பாதி நிலா உச்சியை ஒட்டி நிற்கும். நோட்டும் பென்சிலும் கொண்டுவர வேண்டுகின்றோம். பொக்கிஷதார் அவர்களுக்கு முன் வரிசையில் இடம் வைக்கச் சொல்லியிருக்கின்றோம். அறைச் சாவி இப்பொழுது காவற்காரரிடம் இருக்கின்றது.